பெல்லட் கிரில்லில் முறுகல் வருமா? ஆயிரம் டாலருக்குள் ஒரு அலசல்

அமெரிக்காவில் பெல்லட் கிரில் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் கேள்வி, விறகுப் புகை வாசம் நன்றாக வருமா என்பது. வரும், அதில் சந்தேகமே வேண்டாம். வாங்கிச் சில வாரம் கழித்து வரும் கேள்விதான் சிக்கல். லாம்ப் சாப்ஸ் பதமாக வெந்திருக்கிறது, ஆனால் ஏன் இப்படி வெளிறிப்போய்க் கிடக்கிறது? தயிரும் மிளகாயும் தடவி ஊறவைத்த கோழி ஏன் ஓரம் கருகாமல் ஆவியில் வைத்தது மாதிரி வருகிறது? இந்த இரண்டாவது கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு, ஆயிரம் டாலரைத் தாண்டாமல் எது தேறும் என்று பார்க்கலாம். இனி வரும் டிகிரி எல்லாம் ஃபாரன்ஹீட். அங்கே பேனலில் அப்படித்தான் இருக்கும்.

முதலில் கோளாறு எங்கே என்று தெரிய வேண்டும். பக்கவாட்டில் ஹாப்பர் என்கிற பெட்டியில் மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட்டுகள் இருக்கின்றன. ஆகர் என்கிற திருகு அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, அடியில் இருக்கும் சின்ன நெருப்புக் கிண்ணத்தில் போடுகிறது. மின்விசிறி ஊத, அங்கே தீ எரிகிறது. அந்தத் தீக்கு மேலே ஒரு தகடு, அதற்கு மேலே கொழுப்பு வடிய ஒரு சாய்வுத் தட்டு, அதற்கும் மேலேதான் கம்பி. ஆக, இறைச்சி நெருப்பைப் பார்ப்பதே இல்லை. தகட்டின் ஓரங்களைச் சுற்றி ஏறிவரும் சூடான காற்றில்தான் வேகிறது. ஒரிகன் மாநிலத்து மவுண்ட் ஏஞ்சலில் ஜோ ட்ரேகர் 1980-களில் இதை உருவாக்கியபோது நோக்கமே அதுதான்: யாரும் பக்கத்தில் நின்று தீயைக் கவனிக்காமல் நிதானமாகச் சமைப்பது. காப்புரிமைக் காலம் முடிந்து போட்டிக் கம்பெனிகள் நுழைந்த பிறகுதான், நெருப்பை எப்படி மேலே விடுவது என்று ஆளாளுக்கு ஒரு வழி யோசித்தார்கள்.

இறைச்சியின் மேற்பரப்பு 300 டிகிரியை நெருங்கினால்தான் வேகமாகப் பழுப்பேறும். மேலே ஈரம் இருக்கும்வரை 212-ஐத் தாண்டவே தாண்டாது. தணலும் தீயும் நேரடியாக அனல் வீசி அந்த ஈரத்தைச் சட்டென்று விரட்டிவிடும். வெறும் சூடான காற்று அதைச் செய்ய நேரம் எடுக்கும். அதற்குள் உள்ளே வெந்து வறண்டுவிடும். பேனலில் காட்டும் 500 டிகிரி காற்றின் சூடு. அட்டைப்பெட்டியில் அச்சடித்த அந்த எண்ணை வைத்து முறுகலைக் கணக்குப் போடுவதுதான் பலர் ஏமாறும் இடம். பார்க்க வேண்டியவை இரண்டே: இறைச்சிக்கு நெருப்பு தெரிகிறதா, அல்லது அதன் அடியில் கனமான இரும்பு இருக்கிறதா.

ட்ரேகர்: இரண்டும் இல்லாதது

2019-ல் வந்த ட்ரேகர் ப்ரோ 575 இன்னும் பலரின் முதல் தேர்வு. அதிகபட்சம் 500 டிகிரி. போன் ஆப் ஒழுங்காக வேலை செய்கிறது, சூடு நிலையாக நிற்கிறது, பிரிஸ்கெட் என்கிற மாட்டு நெஞ்சுக்கறிக்கு அருமை. ஆனால் நெருப்பைத் திறந்துவிடும் வழி கிடையாது. கம்பியும் எனாமல் பூசிய இலகுவான எஃகு. அப்படியே வைத்து முறுகல் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். 450 டிகிரியோடு நின்றுவிடும் விலை குறைந்த பிற கம்பெனி மாடல்களுக்கும் இதே கதை. இவற்றை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பிட் பாஸ்: ஓட்டை வழியாக நெருப்பு

குறைந்த விலையில் நேரடி நெருப்பு வேண்டும் என்றால் பிட் பாஸ்தான். கடையையும் சீசனையும் பொறுத்து 400 முதல் 600 டாலருக்குள் கிடைக்கும். ஒரு லீவரை இழுத்தால் நடுத்தகடு நகரும். துளைகள் வழியாகத் தீ மேலே வரும். எளிமையான யோசனை, உண்மையாகவே வேலை செய்கிறது. பல மாடல்களில் கம்பி வார்ப்பிரும்பு என்பது கூடுதல் லாபம். தயிர் தடவிய கோழிக்கால் ஓரம் கருக வேண்டும் என்றால் இந்த விலையில் இதற்குப் போட்டி குறைவு.

குறை என்ன? நெருப்பு வரும் இடம் சிறியது. இரண்டு ஸ்டேக் அல்லது நாலைந்து சாப்ஸ், அவ்வளவுதான். பத்துப் பேர் வந்த வீட்டில் முறை வைத்துத்தான் வாட்ட வேண்டியிருக்கும். கொழுப்பு நேராகத் தீயில் சொட்டுவதால் குபீரென்று எரியும். விசிறி ஊதுவதில் சாம்பலும் கொஞ்சம் பறக்கும். வாட்டி முடித்ததும் தகட்டை மூட மறந்துவிட்டு அடுத்த நாள் மெல்லிய சூட்டில் புகை போட்டால், கொழுப்பு முழுக்க நெருப்புக் கிண்ணத்தில் இறங்கும். அது ஆபத்து. இன்னொன்று: விலை மிகக் குறைந்த பழைய வகை கன்ட்ரோலரில் சூடு ஏறி இறங்கும். சூட்டை விடாமல் அளந்து தானே சரிசெய்யும் பிஐடி கன்ட்ரோலர் உள்ள மாடலுக்குக் கொஞ்சம் அதிகம் கொடுப்பது வீண் இல்லை.

கேம்ப் செஃப்: பக்கத்தில் ஒரு கேஸ் அடுப்பு

யூட்டா மாநிலத்துக் கம்பெனியான கேம்ப் செஃப் இதை வேறு கோணத்தில் அணுகியது. அவர்களின் வுட்விண்ட் மாடல்களிலும் நெருப்பைத் திறக்கும் லீவர் உண்டு. ஆனால் நிஜமான பலம் பக்கவாட்டில் மாட்டும் புரொப்பேன் பர்னரில் இருக்கிறது. சியர் பாக்ஸ் என்ற இணைப்பு வார்ப்பிரும்புக் கம்பியோடு 900 டிகிரி வரை போகும் என்கிறது கம்பெனி. சைட்கிக் என்பது திறந்த அடுப்பு. அதன் மேல் தட்டு, கல், அண்டா எதையும் வைக்கலாம்.

புகை ஒரு பக்கம், முறுகல் ஒரு பக்கம் என்று வேலையைப் பிரித்துவிடுவதால் காத்திருப்பே இல்லை. 225-ல் புகை போட்டுக்கொண்டிருக்கும்போதே பக்கத்து அடுப்பு தயாராகிவிடும். மற்ற கிரில்களில் 225-லிருந்து 500-க்கு ஏற்றக் கால் மணி நேரமாவது பிடிக்கும். அதைவிட முக்கியம், வெளியே ஒரு பெரிய அடுப்பு கிடைக்கிறது. மீன் பொரித்தால் மூன்று நாள் வீடு முழுக்க வாசம் அடிக்கும், ஸ்மோக் அலாரம் கத்தும் என்று தயங்குகிற நம்மவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும். வஞ்சிரம் வறுக்கலாம், அண்டாவில் பிரியாணியும் போடலாம். சாம்பலைக் கீழே உள்ள கிண்ணத்தில் தள்ளிக் கொட்டும் வசதி சின்ன விஷயம்தான், ஆனால் வாராவாரம் வேலை மிச்சம்.

கிரில்லும் இணைப்பும் சேர்ந்தால் விலை ஆயிரத்தைத் தொடும், சில மாடல்களில் தாண்டும். லீவர் எல்லா மாடலிலும் இருக்காது. பெயர்கள் ஒன்றுபோல் இருப்பதால் கவனம் தேவை. சிலிண்டர் தீர்ந்துபோவது இன்னொரு தலைவலி. விறகு நெருப்பில் மட்டுமே வாட்டுவேன் என்கிறவர்களுக்குக் கேஸ் அடுப்பு உறுத்தும். எனக்கு அந்த உறுத்தல் இல்லை. புகை வாசம் ஏற்கெனவே உள்ளே இறங்கிவிட்ட கறியை ஒரு நிமிடம் வாட்ட எந்த நெருப்பாக இருந்தால் என்ன?

வெபர் சியர்வுட்: கம்பி முழுக்க

வெபர் 2020-ல் ஸ்மோக்ஃபயர் என்ற பெல்லட் கிரில்லைக் கொண்டுவந்தபோது, உள்ளே கொழுப்பு தீப்பிடிப்பதாகப் புகார்கள் குவிந்தன. அதற்குப் பதிலாக 2024-ல் வந்தது சியர்வுட். 600 என்ற மாடல் அறிமுகமானபோது 899 டாலர். சூடு 600 டிகிரி வரை போகும். ட்ரேகர் போல முழு அகலத்துக்குத் தகடு கிடையாது, அதனால் வாட்டும் இடம் ஒரு சின்னத் துளையோடு முடிந்துவிடுவதில்லை. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே வாட்டும் முறையும் இதில் உண்டு. பலருக்கு அடிக்கடி சமைப்பவர்கள், கேஸ் அடுப்பும் வேண்டாம் என்பவர்கள் இதைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் கால் மணி நேரம் வாட்டுவதற்காக மட்டும் பிட் பாஸைவிட 300 டாலராவது கூடுதலாகக் கொடுக்கலாமா? மாதம் ஒருமுறை கறி வாட்டுகிற வீட்டுக்கு நான் சரி என்று சொல்ல மாட்டேன்.

ஜார்ஜியா மாநிலத்து ரெக்டெக் கம்பெனியின் புல்ஸ்ஐ என்ற வட்டக் கிரில்லும் உண்டு. சூடு 700-ஐத் தாண்டும், இடம் கம்மி. வாட்டுவதே முதல் வேலை, புகை எப்போதாவது என்றால் அது பொருந்தும். மாஸ்டர்பில்ட் கிராவிட்டி சீரிஸ் பெல்லட் வகையே இல்லை, கரியில் ஓடுவது. 700 டிகிரி வரை ஏறும், விலையும் கட்டுப்படும், ஆனால் கரியும் சாம்பலும் அள்ள வேண்டும்.

மலிவு கிரில்லும் தோசைக்கல்லும்

ட்ரேகர் வகையை ஒதுக்க வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். ஊரிலிருந்து பெட்டியில் சுமந்து வந்த வார்ப்பிரும்புத் தோசைக்கல் சும்மாதானே கிடக்கிறது? மரம், பிளாஸ்டிக் பிடி இல்லாத கல்லாகப் பார்த்து கிரில்லுக்குள் வைத்து, அதிகபட்சச் சூட்டில் அரை மணி நேரம் விடுங்கள். நான்ஸ்டிக் கல் கூடவே கூடாது. 450 டிகிரி காற்றால் செய்ய முடியாததை 450 டிகிரி இரும்பு செய்யும். இரும்பில் சேர்ந்த சூடு, தொட்ட இடத்தில் ஈரத்தை நொடியில் விரட்டிவிடும்.

முறை எளிது. தடிமனான சாப்ஸை 225-ல் புகை போட்டு, உள்சூடு 110, 115 வந்ததும் எடுத்துவிடுங்கள். கல்லை உள்ளே வைத்துச் சூட்டை முழுக்க ஏற்றுங்கள். அதுவரை கறி வெளியே ஆறட்டும், கெட்டுப்போகாது. மேலே துடைத்து ஈரத்தை எடுத்துவிடுங்கள். அப்புறம் கல்லில் போட்டுப் பக்கத்துக்கு ஒரு நிமிடம், உள்சூடு எட்டும்வரை திருப்பித் திருப்பி. முழுத் துண்டு ஆட்டுக்கறிக்கும் மாட்டுக்கறிக்கும் அமெரிக்க விவசாயத் துறை சொல்வது 145 டிகிரியும் மூன்று நிமிட ஓய்வும், கோழிக்கு 165. நம் வீடுகளில் உள்ளே லேசாகச் சிவந்திருந்தாலே பாதிப் பேர் தட்டைத் தள்ளிவிடுவார்கள். அப்படிப்பட்ட வீட்டில் 140 வந்த பிறகு கல்லுக்கு மாற்றினால் போதும். எண்ணெய் என்றால் ரீஃபைண்ட் கடலை எண்ணெய் தாங்கும். வெண்ணெய் கருகிக் கசக்கும்.

கல் தோற்கும் இடம் ஒன்று உண்டு. தயிர் மசாலா தடவிய கோழியைப் போட்டால் நீர் விட்டுக்கொண்டு ஒட்டிப்பிடிக்கும். அதற்கு நெருப்புதான் வேண்டும். இருபது, முப்பது டாலருக்குக் கிடைக்கும் கரி சிம்னியில், அதாவது கரி பற்றவைக்கும் தகர உருளையில், கரியைப் பற்றவைத்து, கங்கு வெளுத்ததும் மேலே ஒரு சின்னக் கம்பி வலை வைத்து வாட்டினால், இங்கே சொன்ன எந்த பெல்லட் கிரில்லையும் அது மிஞ்சும். ஒரு தடவைக்கு இரண்டு துண்டுதான், நிஜம். சிமென்ட் தரையில் வைத்துச் செய்ய வேண்டும், மரத் தளத்தில் கூடாது. கரி வேண்டாம் என்றால், கம்பிக்கு மேல் வைக்கும் கிரில்கிரேட்ஸ் அலுமினியப் பட்டைகள் உண்டு. கவிழ்த்துப் போட்டுத் தட்டைப் பக்கத்தில் வாட்டினால் இன்னும் சீரான நிறம் வரும்.

என் கணக்கு இப்படி. 500 டாலர்தான் என்றால், கோழியும் கபாபும் அதிகம் செய்கிறவர்கள் பிட் பாஸ் வாங்கலாம். சாப்ஸும் மீனும்தான் என்றால் சூடு நிலையாக நிற்கும் எந்த மலிவு கிரில்லும் தோசைக்கல்லும் போதும். ஆயிரம் வரை போகலாம் என்றால் கேம்ப் செஃப் பக்கம்தான் என் கை போகும், அந்த வெளி அடுப்புக்காகவே. கேஸே வேண்டாம் என்றால் சியர்வுட்.

கடைக்குப் போனால் மூடியைத் திறந்து கம்பியைக் கையில் தூக்கிப் பாருங்கள், கனமாக இருக்க வேண்டும். அடியில் தகடு நகர்கிறதா என்று லீவரை இழுத்துப் பாருங்கள். அபார்ட்மென்ட் பால்கனிக்கு என்றால் முதலில் லீஸை, அதாவது வாடகை ஒப்பந்தத்தைப் படியுங்கள். பல இடங்களில் தீ எரியும் கிரில் எதற்குமே அனுமதி கிடையாது. பெல்லட் மூட்டையை மழை படாத இடத்தில் வையுங்கள். ஈரம் பட்டால் உப்பி ஆகரில் சிக்கிக்கொள்ளும். அவசரம் இல்லை என்றால் செப்டம்பரில் லேபர் டே வரை பொறுங்கள், கடைகள் இடத்தைக் காலி பண்ண விலையை இறக்குவது பெரும்பாலும் அப்போதுதான்.