சென்னையில் ஒயின் குளிர்பெட்டி வாங்கும் முன் பின்பக்க ஸ்டிக்கரைப் படியுங்கள்

'வீட்டுக்குள்ளேயே ஒரு நிலவறை' என்று சொல்லி விற்கும் ஒயின் குளிர்பெட்டியை வாங்க யோசித்துக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படித்துவிட்டு முடிவெடுங்கள். எனக்கு ₹38,000 போனது. அதைவிடப் பெரிய வருத்தம், காசு கொடுத்தாலும் திரும்பக் கிடைக்காத பாட்டில்கள் சில வீணாகிவிட்டன. விற்றவர்கள் இன்றுவரை பொறுப்பேற்கவில்லை. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் அங்கே என்னிடம் பேசிய அதே பேச்சு வேறு எந்தக் கடையிலும் உங்கள் காதில் விழலாம். அதற்காகத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

என் அண்ணன் பிரான்சில் லியோன் நகரத்தில் வேலை பார்க்கிறார். ஊருக்கு வரும்போதெல்லாம் கஸ்டம்ஸ் அனுமதிக்கும் 2 லிட்டருக்குள் இரண்டு பாட்டில் ஒயின் கொண்டுவருவார். பெரும்பாலும் வந்த வாரமே எல்லோரும் உட்கார்ந்து காலி செய்துவிடுவோம். சிலதை மட்டும், "டேய், இதை இப்பத் தொடாதே. இன்னும் நாலஞ்சு வருஷம் போகட்டும்" என்று சொல்லிக் கையில் கொடுப்பார். அப்படி வந்ததில் ஒன்று 2005 போர்தோ, அதாவது பிரான்சின் போர்தோ பகுதியில் 2005இல் விளைந்த திராட்சையில் செய்த ஒயின். எனக்குக் கல்யாணமான வருஷம் அது. போர்தோ பகுதிக்கும் மிக நல்ல ஆண்டுகளில் ஒன்று. வெள்ளி விழாவுக்குத் திறப்போம் என்று நானும் மனைவியும் எடுத்து வைத்திருந்தோம். கூடவே இத்தாலியின் பரோலோ ஒன்று, ஜெர்மனியின் ரீஸ்லிங் ஒன்று, நாசிக் பக்கத்துச் சிவப்பு ஒயின்கள் கொஞ்சம். சமையலறை ஃப்ரிட்ஜில் காய்கறிக்கு இடமில்லை என்று மனைவி சொன்ன பிறகுதான் குளிர்பெட்டி தேட ஆரம்பித்தேன்.

அண்ணா சாலைப் பக்கம் ஒரு கடை. விற்பனையாளர் நன்றாகத்தான் பேசினார். "கம்ப்ரசர் வேண்டாம் சார், அதிரும். ஒயினுக்கு அதிர்வு ஆகவே ஆகாது. இது தெர்மோஎலக்ட்ரிக். சத்தம் வராது, கரண்டும் கம்மி. 12 டிகிரில வெச்சுட்டு மறந்துடுங்க."

நான் நேராகவே கேட்டேன். "மே மாசம் எங்க ஹால்ல 36, 37 போகும். தாங்குமா?"

"இம்போர்ட்டட் பீஸ் சார். எந்த சீசனா இருந்தாலும் 12 டிகிரி கேரண்டி."

இதையே வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பச் சொன்னேன், அனுப்பினார். அந்த ஒரு வரி இப்போது என் கையில் இருப்பது பெரிய உதவி. நீங்களும் வாயால் சொல்வதை எழுத்தில் வாங்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

தை, மாசியில் பெட்டி ஒழுங்காக ஓடியது. பங்குனி பிறந்ததும் பின்பக்க ஃபேன் இரவும் பகலும் நிற்காமல் சுற்ற ஆரம்பித்தது. அக்னி நட்சத்திரம் தொடங்கிய பிறகு ஒருநாள் கதவைத் திறந்து பாட்டிலைத் தொட்டால் குளிர்ச்சியே இல்லை. வெளியே திரையில் மட்டும் 12 என்று பச்சையாக எரிகிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு உள்ளே வைத்து, மறுநாள் பார்த்தேன். 25 டிகிரி. திரை காட்டிக்கொண்டிருந்தது நாம் கேட்ட அளவை. உள்ளே உண்மையில் இருக்கும் அளவை அது காட்டவே இல்லை.

மேல் தட்டில் படுக்கவைத்திருந்த போர்தோவை எடுத்தேன். கழுத்தில் சுற்றியிருக்கும் தகட்டு உறை நடுவில் லேசாகப் புடைத்திருந்தது. நல்ல பாட்டிலில் பெரும்பாலும் அந்த உறையை விரலால் திருகினால் சுற்றும். இது அசையவில்லை, ஒட்டிக்கொண்டிருந்தது. உறைக்குக் கீழே ஊதா நிறத்தில் ஒரு கோடு லேபிள் வரை வழிந்து காய்ந்திருக்கிறது, தொட்டால் பிசுபிசுப்பு. உறையைக் கத்தியால் வெட்டி எடுத்தால், கார்க் பாட்டிலின் விளிம்பைத் தாண்டி மேலே ஏறியிருந்தது. சூட்டில் ஒயின் விரியும். விரிந்தால் கார்க்கைத் தள்ளிக்கொண்டு ஓரமாகக் கசியும். குளிர்ந்து சுருங்கும்போது அதே வழியாகக் காற்று உள்ளே போகும். அதன்பிறகு அந்த ஒயினைக் காப்பாற்ற ஒன்றும் இல்லை. திறந்தோம். பழ வாசனை இருக்க வேண்டிய இடத்தில் அடுப்பில் அதிகமாகக் காய்ச்சிய ஜாம் வாசனை. நிறமும் செங்கல் நிறத்தைத் தாண்டிப் பழுப்புக்குப் போயிருந்தது. மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

இந்தப் பெட்டிகள் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொண்டால் ஏமாற்று எங்கே இருக்கிறது என்று புரியும். 1834இல் பெல்டியே என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். இரண்டு வேறுவேறு உலோகங்கள் சேரும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தால், ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். இந்தப் பெட்டிக்குள் இருப்பது அந்தத் தத்துவத்தில் செய்த ஒரு சின்ன வில்லைதான். சுடுகிற பக்கத்தின் வெப்பத்தை அறைக்குள் தள்ள ஒரு ஃபேன். அறையே கொதித்துக்கொண்டிருந்தால் அந்த வெப்பம் எங்கே போகும்? சாதாரணமாக வீட்டுக்கு விற்கும் பெட்டிகள் அறை வெப்பத்தைவிட 10 முதல் 15 டிகிரி வரை குறைத்தாலே பெரிது. ஐரோப்பாவில் 22 டிகிரி அறையில் வைத்தால் 12 கிடைக்கும். நம் ஊரில் 37 டிகிரி ஹாலில் வைத்தால் 25தான் கிடைக்கும். கணக்கு அவ்வளவுதான், பெட்டியில் பழுது எதுவும் இல்லை. அதிர்வு இல்லை என்று சொன்னது உண்மை. கரண்ட் கம்மி என்று சொன்னது பொய். ஒரே அளவு குளிர்ச்சிக்குக் கம்ப்ரசரைவிட இதற்குத்தான் அதிக மின்சாரம் போகும்.

2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. இப்படிப்பட்ட ஊரில் கடை வைத்திருப்பவருக்கு இது தெரியாமல் இருக்க முடியாது.

புகார் சொன்ன பிறகு டெக்னீஷியன் தம்பி ஒருவர் வந்தார். நல்ல பையன். பார்த்துவிட்டு, "சார், இதுக்கு ரூம்ல 24 மணி நேரமும் ஏசி ஓடணும்" என்றார். பெட்டியைச் சுவரிலிருந்து இழுத்துப் பின்பக்க ஸ்டிக்கரைக் காட்டியதும் அவர்தான். அதில் 'க்ளைமேட் கிளாஸ்' என்ற இடத்தில் 'என்' (N) என்று ஒரே ஒரு ஆங்கில எழுத்து. 'என்' என்றால் 16 முதல் 32 டிகிரி வரை உள்ள அறைக்கு. 'எஸ்டி' (ST) என்றால் 38 வரை. 'டி' (T) என்றால் 43 வரை. சென்னைக்கு 'டி' மட்டும்தான். கையேட்டில் இன்னும் மோசம்: சொன்ன குளிர்ச்சியெல்லாம் 25 டிகிரி அறையில் சோதித்தது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. அந்தக் கையேடு சீல் வைத்த அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. பணம் கட்டி, வீட்டுக்கு வந்து, பிரித்த பிறகுதான் கண்ணில் படும்.

மேனேஜரிடம் பேசினேன். "பொருள் கண்டிஷன்ல இருக்கு சார். ஒயின் கெட்டதுக்கு நாங்க எப்படிப் பொறுப்பு?" என்றார். வாட்ஸ்அப் செய்தியைக் காட்டியதும், அந்த விற்பனையாளர் இப்போது வேலையில் இல்லை என்றார்.

ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். பரோலோவும் கெட்டுத்தான் இருந்தது, ஆனால் அந்தப் பழியை நான் பெட்டி மேல் போடவில்லை. அதன் கார்க் அசையவில்லை, கசிவும் இல்லை. கீழ்த் தட்டில் இருந்ததால் சூடு குறைவாகப் பட்டிருக்கலாம். திறந்ததும் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தது. அது கார்க்கிலிருந்து வரும் கோளாறு. டிசிஏ என்ற வேதிப்பொருள் காரணம். கார்க்கில் வளரும் பூஞ்சைகள் குளோரின் கலந்த சில பொருட்களை அப்படி மாற்றிவிடுகின்றன. ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்கில் தெரியும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் ஒயினின் வாசனையையெல்லாம் அமுக்கிவிடும். எவ்வளவு நல்ல நிலவறையில் வைத்தாலும் இது வரும். அந்த பாட்டிலைப் புகாரில் சேர்க்கவில்லை. நீங்களும் புகார் கொடுப்பதாக இருந்தால் எது எதனால் கெட்டது என்று பிரித்துப் பாருங்கள். இல்லையென்றால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் தள்ளிவிடும்.

பிரித்துப் பார்ப்பது கஷ்டமில்லை. வினிகரோ நெயில் பாலிஷோ நெடி வந்தால் நுண்ணுயிர் வேலை. வெள்ளை ஒயின் பொன்னிறத்தைத் தாண்டிப் பழுப்பாகி, வெட்டி வைத்துக் கறுத்த ஆப்பிள் வாசம் வந்தால் காற்றுப் பட்டிருக்கிறது. கழுத்தில் கசிவும் ஜாம் வாசனையும் சேர்ந்து வந்தால் சூடு. அடியில் கண்ணாடித் துகள் மாதிரி படிந்திருந்தால் பயப்பட வேண்டாம், அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. அதைப் பார்த்துவிட்டு நல்ல பாட்டிலைக் கொட்டிவிடாதீர்கள்.

ஹோட்டலில் கெட்ட பாட்டில் வந்தால் திருப்பி அனுப்புங்கள். முதலில் கொஞ்சம் ஊற்றி நீட்டுவதே அதற்காகத்தான். பிடித்திருக்கிறதா என்று சொல்ல அல்ல, கெட்டிருக்கிறதா என்று பார்க்க. கூச்சப்பட்டுத் தலையாட்டிவிட்டால் முழு பில்லும் நம் தலையில்தான்.

சூட்டில் கெட்டதைச் சமையலுக்குப் பயன்படுத்தலாம். மட்டனை அதில் மெதுவாக வேகவிட்டால் மோசமில்லை. டிசிஏ வந்ததை அதற்கும் எடுக்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.

அப்புறம், பெரிய கேள்வி. சென்னையில் ஒயினைப் பல வருஷம் வைத்திருப்பது தேவையா? இவ்வளவு பட்ட பிறகு என் பதில்: அநேகமாகத் தேவையே இல்லை. உலகத்தில் தயாராகும் ஒயினில் மிகப் பெரும்பகுதி ஓரிரு வருஷத்தில் குடிப்பதற்கென்றே செய்யப்படுகிறது. வைத்திருந்தால் நன்றாகும் என்பது நல்ல போர்தோ, பரோலோ, சில ரீஸ்லிங், போர்ச்சுகலின் விண்டேஜ் போர்ட் என்று ஒரு சின்னக் கூட்டத்துக்குத்தான் பொருந்தும். அதற்கும் 12, 13 டிகிரியில் ஏற்ற இறக்கமில்லாத குளிர், இருட்டு, கொஞ்சம் ஈரம், இவையெல்லாம் வருஷக்கணக்கில் வேண்டும். நம் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. என் பெட்டிக்குள் லேபிள்களில் கறுப்பாகப் பூஞ்சையே பிடித்துவிட்டது. குளிருக்குத்தான் முழுக்க முழுக்க மின்சாரத்தை நம்ப வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் ஒரு புயல் அடித்து இரண்டு நாள் கரண்ட் இல்லை என்றால் என்ன செய்வீர்கள்? இங்கே கிடைக்கும் இந்திய ஒயினை வாங்கினால் லேபிளில் ஆண்டைப் பாருங்கள், புதிதாக இருப்பதை எடுங்கள், அந்த மாதத்துக்குள் திறந்து குடியுங்கள். அதுவரை சாதாரண ஃப்ரிட்ஜே போதும்.

இன்னொன்றையும் எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார். தமிழ்நாட்டில் ஒருவர் வீட்டில் எவ்வளவு மது வைத்திருக்கலாம் என்பதற்குச் சட்டப்படி வரம்பு உண்டு. நாற்பது, ஐம்பது பாட்டில் பெட்டியைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். விதியைப் படித்துவிட்டு அளவைத் தீர்மானியுங்கள்.

வைத்தே தீர வேண்டும் என்றால் கம்ப்ரசர் உள்ளது, 'டி' கிளாஸ், பின்பக்கம் காற்றோட்டத்துக்கு இடம். அதிர்வைப் பற்றிப் பயமுறுத்துவார்கள். நல்ல கம்ப்ரசரின் அதிர்வு, 25 டிகிரி சூட்டோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. உள்ளே தனியாக ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம். திரையை நம்பாதீர்கள். சூடு தாங்கும் ஒயின் வேண்டும் என்றால் போர்ச்சுகலின் மடெய்ரா தீவு ஒயின் இருக்கிறது. அதைச் செய்யும்போதே சூட்டில் வைத்துத்தான் பக்குவப்படுத்துகிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் வெப்பக் கடலைத் தாண்டி இந்தியாவுக்கு வந்த கப்பல்களில் அது கெடாமல் வந்து சேர்ந்தது. அண்ணனிடம் இனிமேல் அதைத்தான் கேட்டிருக்கிறேன். வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியவற்றை லியோனில் அவர் வீட்டு அடித்தளத்திலேயே வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

புகார் விஷயம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்தேன். கடையிலிருந்து 'பொருளில் குறைபாடு இல்லை' என்று ஒரு வரிப் பதில் வந்தது. அதனால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பில், வாட்ஸ்அப் செய்தி, பின்பக்க ஸ்டிக்கரின் படம், திரையும் தெர்மாமீட்டரும் சேர்ந்து தெரியும் படம், எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன். கசிந்த பாட்டிலையும் கார்க்கையும் தூக்கிப் போடவில்லை. உங்களிடமும் இப்படி ஒரு பெட்டி இருந்தால் மே மாதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு உள்ளே வையுங்கள். நாளைக்குப் படம் எடுங்கள், அறையின் வெப்பத்தையும் தேதியோடு எழுதி வையுங்கள்.