ஹோஃப்ஸ்டெட், கேமரன்–குவின், ஷைன்: நம்மூர் கம்பெனிக்கு எது ஒத்துவரும்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் முப்பது நாற்பது பேரை வைத்துத் தொழில் நடத்தும் இரண்டாம் தலைமுறை முதலாளிகளிடம் இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது: “நம்ம கம்பெனி கல்ச்சரைச் சரி பண்ணணும்.” அப்பா ஆரம்பித்த செம்பனை (பாமாயில் மரம்) குத்தகை, நாலு லோரி, ஒரு ஒர்க்‌ஷாப். பிள்ளை கோலாலம்பூரில் படித்துவிட்டு வந்து பொறுப்பை எடுத்துக்கொள்கிறார். நல்ல டிரைவர் யாரும் நிலைப்பதில்லை. ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் சொல்வது ஒன்று, செம்பனைக் காட்டில் நடப்பது ஒன்று. ஆபீசில் யாரும் வாய் திறப்பதில்லை. அப்புறம் ஈப்போவிலிருந்து ஓர் ஆலோசகர் வருகிறார், கலர் கலராக ஒரு வரைபடம் போட்டுக் கொடுக்கிறார்.

இந்த மாதிரி நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. வரைபடமும் அதற்கான பில்லும் என் மேசைக்கும் வந்துவிடும். எந்த ஆலோசகர் வந்தாலும் பெரும்பாலும் மூன்று ஆய்வு வழிகளில் ஒன்றைத்தான் கையில் வைத்திருப்பார்: நாடுகளுக்கு மதிப்பெண் போட்ட ஹோஃப்ஸ்டெட், கேள்வித்தாள் கொடுக்கும் கேமரன்–குவின், உட்கார்ந்து கவனிக்கச் சொல்லும் ஷைன். மூன்றும் ஒரே காரியத்தைச் செய்வதாகத்தான் விற்கப்படுகின்றன. உண்மையில் மூன்றுக்கும் வேலை வேறு, நம்மூருக்குப் பொருந்தும் அளவும் வேறு.

ஹோஃப்ஸ்டெட்டை முதலில் பார்த்துவிடலாம், அதிகம் மேற்கோள் காட்டப்படுபவர் அவர்தான். கீர்ட் ஹோஃப்ஸ்டெட் நெதர்லாந்துக்காரர். ஐபிஎம் நிறுவனம் 1967 முதல் 1973 வரை பல நாடுகளிலிருந்த தன் ஊழியர்களிடம் நிரப்பி வாங்கிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்வித்தாள்களை அலசி, 1980இல் 40 நாடுகளுக்கு மதிப்பெண் போட்டுப் புத்தகமாக வெளியிட்டார். அதில் நமக்குச் சம்பந்தப்பட்டது ‘அதிகார இடைவெளி’ என்ற அளவு. மேலே இருப்பவர் மேலேயே இருப்பதைக் கீழே இருப்பவர் எவ்வளவு தூரம் இயல்பாக எடுத்துக்கொள்கிறார் என்பதை அது காட்டும். பிறகு விரிவாக்கிய பட்டியலில் மலேசியாவும் சேர்ந்தது. கிடைத்த மதிப்பெண் 104, பட்டியலிலேயே முதலிடம். நூறோடு முடிய வேண்டிய அளவுகோல் நமக்காகவே நீண்டது. இந்தோனேசியாவுக்கு 78, வங்காளதேசத்துக்கு 80, இந்தியாவுக்கு 77.

இந்த 104ஐத் திரையில் காட்டினால் முதலாளிமார் எல்லாரும் தலையாட்டுவார்கள். தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு அதை ஒருவர் நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை. துரை, பெரிய கிராணி (எழுத்தர்), சின்ன கிராணி, மண்டோர் என்று ஏணி போட்டு நடந்த உலகம் அது. ஆனால் அந்த எண் யாரிடமிருந்து வந்தது? 1970ஐ ஒட்டி நகரத்துக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர்களிடமிருந்து. இன்று நம்மூர் குத்தகைக்காரரிடம் குலை வெட்டுபவர் இந்தோனேசியாவின் லோம்போக்கிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்தவர். லோரி ஓட்டுபவரும் மண்டோரும் தமிழர். சம்பளம் போடும் பெண் மலாய்க்காரராகவோ சீனராகவோ இருப்பார். இதில் எந்த நாட்டின் எண்ணை எடுத்து யார் தலையில் வைப்பது? நாட்டுச் சராசரியைத் தனி ஆளுக்குப் பொருத்தக் கூடாது என்று ஹோஃப்ஸ்டெட்டே எச்சரித்திருக்கிறார். 2002இல் பிரெண்டன் மெக்ஸ்வீனி என்ற ஆய்வாளர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒரே கம்பெனியின் ஊழியர்களை வைத்து ஒரு நாட்டையே எப்படி அளப்பீர்கள் என்று அவர் கேட்ட கேள்வி இன்றும் நிற்கிறது.

ஒரு விஷயத்துக்கு மட்டும் ஹோஃப்ஸ்டெட் உதவுவார். “என் கதவு எப்பவும் திறந்திருக்கு, யார் வேணும்னாலும் வந்து சொல்லலாம்” என்று புது முதலாளி அறிவிக்கிறார், ஒருவரும் வருவதில்லை. அவர் மனம் நொந்துபோகாமல் இருக்க அந்த 104 கொஞ்சம் ஆறுதல் தரும். அதற்கு ஒரு மாலை நேர வாசிப்பு போதும். பணம் கொடுத்து வாங்க வேண்டிய சரக்கு இல்லை.

அடுத்தது கேமரன்–குவின். கிம் கேமரனும் ராபர்ட் குவினும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களாக இருந்தவர்கள். அவர்களுடைய முறை எளிமையானது, அதனால்தான் ஆலோசகர்களுக்கு அதன்மேல் அவ்வளவு பிரியம். கம்பெனிகளை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள்: குடும்பம் போல நடப்பது, புதுமை தேடி ஓடுவது, போட்டியும் இலக்குமாக இருப்பது, விதிமுறையும் படிநிலையுமாக இருப்பது. ஆறு கேள்விகள், ஒவ்வொன்றிலும் நான்கு வாக்கியங்கள். நூறு புள்ளிகளை அந்த நான்குக்கும் பிரித்துப் போட வேண்டும். முதலில் ‘இப்போது எப்படி’ என்று ஒரு தடவை, பிறகு ‘எப்படி இருக்க வேண்டும்’ என்று இன்னொரு தடவை. இரண்டையும் வரைந்தால் பட்டம் போல ஒரு படம் கிடைக்கும்.

இதை ஒரு குத்தகைக் கம்பெனியில் செய்தபோது நான் அதே அறையில்தான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. மூத்த மண்டோர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிராணிப் பெண்ணிடம் குனிந்து, “எதுக்கும்மா கூடப் போடணும்?” என்று கேட்டார். அவள் மெதுவாக முதலாளியின் அறைப் பக்கம் பார்த்துவிட்டு முதல் வரியைக் காட்டினாள். குடும்பம் போல என்ற வரி அது. இரண்டு டிரைவர்கள் எல்லா வரியிலும் இருபத்தைந்து இருபத்தைந்தாகப் போட்டுக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். குலை வெட்டுகிறவர்களுக்குத் தாளே போகவில்லை, காட்டில் ஆள் குறைந்தால் அன்றைக்கு டன் குறையும் என்று. கடைசியில் வந்த படத்தைப் பார்த்தால் அந்தக் கம்பெனி பாசமலர்க் குடும்பம். அந்த மாதமே ஒரு டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் பக்கத்து ஊர்க் கம்பெனிக்குப் போய்விட்டார்.

கேள்வித்தாளைக் குறை சொல்லி முடித்துவிடுவதும் நியாயமில்லை. முதலாளி போட்ட புள்ளியையும் ஆபீஸ்காரர்கள் போட்ட புள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பேச்சு கிளம்பும், அது லாபம்தான். ஆட்கள் பல இடங்களில் சிதறிக் கிடக்கும் அமைப்புகளுக்கு இது மட்டுமே சாத்தியம். சுங்கை சிப்புட்காரரான அரசியல் தலைவர் துன் சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் தொழிலாளர்களின் சிறுசேமிப்பைத் திரட்டி 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் மாதிரி பல தோட்டம், பல அலுவலகம், நாடெங்கும் உறுப்பினர் என்று பரந்த அமைப்பில் ஒவ்வோர் இடத்திலும் போய் உட்கார்ந்து கவனிக்க யாருக்கு நேரம்? அங்கே பெயர் எழுதாமல் நிரப்பும் தாள் நல்ல கருவி. முப்பது பேர் இருக்கும் இடத்தில் பெயர் எழுதாவிட்டால் என்ன, கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு கோளாறும் உண்டு. கூட்டுத்தொகை எப்போதும் நூறுதான் என்பதால் ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கியே ஆக வேண்டும். அன்பும் இருக்கிறது, கறாரும் இருக்கிறது என்கிற கம்பெனியை இந்தப் படம் சரியாகக் காட்டாது. நம்மூர்ப் பழைய முதலாளிகள் பலர் அந்த வகைதான்.

சரி, ஷைனுக்கு வருவோம். எட்கர் ஷைன் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இருந்தவர், 2023இல் காலமானார். பண்பாடு மூன்று அடுக்காக இருக்கிறது என்று 1985இல் எழுதினார். மேலே கண்ணுக்குத் தெரிவது: கட்டடம், உடை, கூட்டம் நடக்கும் விதம். நடுவில், ‘நாங்கள் இப்படித்தான்’ என்று அவர்களே சொல்லிக்கொள்வது. அடியில், யாரும் சொல்லாமலே எல்லாரும் நம்புவது. சுவரில் மாட்டிய வாசகத்துக்கும் நடக்கிற காரியத்துக்கும் எங்கே இடிக்கிறதோ அங்கேதான் தோண்ட வேண்டும். கேள்வித்தாளால் அந்த அடி அடுக்கைத் தொட முடியாது என்பது அவருடைய கட்சி.

அவர் சொன்ன ஓர் அனுபவம் நம்மூருக்கு அப்படியே பொருந்தும். சுவிட்சர்லாந்தின் சீபா–கைகி என்ற ரசாயனக் கம்பெனிக்கு அவர் ஆலோசகராகப் போனார். உதவியாக இருக்கும் என்று குறிப்புகள் எழுதி, மற்ற மேலாளர்களுக்கும் கொடுக்கச் சொல்லித் தன் தொடர்பாளரிடம் கொடுத்தார். அவை போய்ச் சேரவே இல்லை. சோம்பலோ பகையோ காரணமில்லை. கேட்காமல் ஒருவருக்குத் தகவல் கொடுப்பது, ‘உனக்கு உன் வேலை தெரியவில்லை’ என்று சொல்வதற்குச் சமம் என்று அங்கே எல்லாரும் உள்ளுக்குள் நம்பினார்கள். மூன்றாம் நம்பர் காட்டு மண்டோருக்கு நாலாம் நம்பர் காட்டில் உதிரிப் பழம் பொறுக்காமல் கிடப்பது தெரியும். சொல்ல மாட்டார். கேட்டால், “அது அவரு காடு சார்” என்பார். இதை எந்தத் தாளில் எந்தக் கட்டத்தில் நிரப்பச் சொல்வீர்கள்?

கவனிப்பது என்றால் எதை? ஷைன் இதற்கும் வழி சொல்கிறார்: தலைவர் எதைத் தினமும் கேட்கிறார், நெருக்கடியில் என்ன செய்கிறார், பணத்தை எதற்கு ஒதுக்குகிறார், யாரை உயர்த்துகிறார் என்று பார்க்கச் சொல்கிறார். நம்மிடம் அதற்கு இரண்டு நல்ல இடங்கள் உண்டு. ஒன்று, விடியற்காலைப் பெரட்டு, அதாவது ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கும் நேரம். யார் எங்கே நிற்கிறார், பெயர் கூப்பிடும்போது யாரை முழுப்பெயரில் கூப்பிடுகிறார்கள், யாரை “டேய்” என்கிறார்கள், அடிபட்ட கையை யார் மறைக்கிறார் என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். இன்னொன்று, ஆலையிலிருந்து வரும் சீட்டு. காய்க்குலை கலந்திருந்தால் ஆலை பிடித்தம் போட்டு அனுப்பும். அந்தச் சீட்டு ஆபீசுக்கு வந்ததும் முதலாளியின் முதல் கேள்வி என்ன? “எவன் வெட்டினான்?” என்றால், அடுத்த நாளிலிருந்து காய்க்குலை லோரியின் அடியில் போய்விடும். “எந்தக் காடு, அங்க வெட்டுச் சுற்று எத்தனை நாளாச்சு?” என்றால் மண்டோர் வாய் திறப்பார்.

முதலாளி இல்லாத நாளும் பார்க்க வேண்டும். 1939இல் கர்ட் லெவினும் லிப்பிட்டும் வைட்டும் பத்து வயதுப் பையன்களை வைத்துச் செய்த சோதனையில், அதட்டும் தலைவர் அறையை விட்டுப் போனதும் வேலை படுத்துவிட்டது. கலந்து பேசும் தலைவரின் குழுவில் அவர் போன பிறகும் வேலை ஓடியது. முதலாளி பினாங்குக்குப் போன அன்று எத்தனை டன் ஏறியது என்று லோரிச் சீட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும். இதற்கு ஆலோசகரே தேவையில்லை.

ஷைன் வழியின் குறைகளும் சின்னவை இல்லை. நாள் பிடிக்கும். கையில் எண் எதுவும் வராது, பங்குதாரரிடமோ வங்கியிலோ காட்ட ஒரு பக்கப் படம் கிடையாது. கவனிப்பவரின் சாய்வும் அதில் கலந்துவிடும். இந்தக் காரணங்களால்தான் ஆலோசகர்கள் இதை விற்பதில்லை என்று நினைக்கிறேன். பணம் வேறு ஒரு காரணம். பத்தோ அதற்கு மேலோ மலேசியத் தொழிலாளர் வைத்திருப்பவர், எச்ஆர்டி கார்ப் என்ற அரசுப் பயிற்சி நிதி அமைப்புக்குச் சம்பளத்தில் ஒரு விழுக்காடு லெவி கட்டுகிறார். 2021இலிருந்து விவசாயத் துறையும் அதற்குள் வந்துவிட்டது. கட்டிய லெவியைப் பயிற்சிக்குத்தான் எடுக்க முடியும். ஹோட்டல் அறையில் கேள்வித்தாள், வரைபடம், மதியச் சாப்பாடு என்றால் பயிற்சி என்று காட்டலாம். பெரட்டில் ஓர் ஆள் சும்மா நின்று பார்த்தால் அதற்கு யார் கிளைம் கொடுப்பார்?

இருந்தாலும் என் ஓட்டு ஷைனுக்குத்தான், ஒரு திருத்தத்தோடு. மூன்று பேருமே மேற்கத்தியக் கம்பெனிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள். சீனக் குடும்பத் தொழில்களைப் பார்த்து 2000இல் ஃபாரும் செங்கும் எழுதிய தந்தைமைத் தலைமை என்ற கருத்தைச் சேர்த்துக்கொண்டால் நம் கம்பெனிகள் இன்னும் தெளிவாகத் தெரியும். அதில் மூன்று கூறுகள்: அதிகாரம், பரிவு, ஒழுக்கம். பரிவும் ஒழுக்கமும் இருந்தால் கீழே இருப்பவர்களின் நம்பிக்கை கூடுகிறது, வெறும் அதிகாரம் பெரும்பாலும் அதைக் குறைக்கிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் பரவலாகக் காட்டின.

மேலே சொன்ன அதே கம்பெனியில் அப்பா காலத்தில் ஒரு நீல அட்டை நோட்டு இருந்தது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறக்குது, அம்மாவுக்குக் காரியம், தீபாவளி என்று யார் வந்தாலும் அப்பா ரெண்டு திட்டுத் திட்டிவிட்டு இருநூறு முந்நூறு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து அதில் எழுதுவார், மாதா மாதம் கொஞ்சம் பிடிப்பார். பிள்ளை வந்ததும் ‘சிஸ்டம்’ கொண்டுவந்தார். முன்பணத்துக்குப் போனில் விண்ணப்பம், காரணம் எழுத வேண்டும், அங்கீகாரம் மூன்று வேலை நாளில். திட்டு மட்டும் அப்படியே தொடர்ந்தது, இப்போது வாட்ஸ்அப் குழுவில் எல்லார் முன்னாலும். அதிகாரம் வாரிசுக்கு வந்தது, பரிவு நோட்டோடு அலமாரிக்குப் போனது. டிரைவர்கள் போவதற்கு இதுதான் காரணம் என்று அந்த ஆறு கேள்விகளில் எதுவும் சொல்லவில்லை. ஒரு டிரைவர் தன் கடைசிச் சம்பளக் கணக்கை முடிக்க வந்தபோது என் மேசைக்கு எதிரே நின்று, “அப்பா இருந்தா குடுத்துட்டுத் திட்டுவாரு” என்றார்.

யாரைக் கவனிக்க வைப்பது என்பதிலும் ஷைன் தெளிவாக இருந்தார். வெளியாள் ஒருவர், உள்ளாள் ஒருவர், இரண்டு பேரும் சேர்ந்துதான் அடி அடுக்கைத் தோண்ட முடியும். உள்ளாளுக்குப் பழகிப்போனது கண்ணில் படாது, வெளியாளுக்குப் பார்த்தது புரியாது. நம்மூரில் இந்த ஜோடி அவ்வளவு அரிதில்லை. வேறு தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், மலாயும் தமிழும் பேசுபவர், ஒருவர் கிடைப்பார். அவரோடு இந்தக் கம்பெனியின் பழைய டிரைவர் ஒருவரைச் சேர்த்து, பெரட்டிலும் எடைமேடையிலும் சில வாரம் நிற்க விடலாம். ஆட்கள் சேர்ந்து தங்கும் கொங்சி வீட்டுக்குப் போய்க் குலை வெட்டுகிறவர்களிடமும் பேசச் சொல்லலாம், தாள் போகாத இடம் அது. அவர்கள் பார்த்ததை எழுதிய பிறகு வேண்டுமானால் கேமரன்–குவின் தாளை ஆபீசுக்கும் மண்டோர்களுக்கும் மட்டும் கொடுக்கலாம், முதலாளி ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து.