ஆப்பில் நேர்கோடு, காட்டில் கோணல் வகிடு

செயற்கைக்கோள் படத்தோடு வரும் ஒரு உலக வரைபட ஆப்பை மூன்று வாரமாக ஒரே ஒரு வேலைக்குத்தான் பயன்படுத்தினேன். வழி தேடவோ கடை தேடவோ இல்லை. பள்ளி அட்லஸில் ஸ்கேல் வைத்து இழுத்தது மாதிரி சில நாட்டு எல்லைகள் இருக்குமே, அவை தரையில் நிஜமாகவே நேராக இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு. ஆப்பின் பெயரைச் சொல்லவில்லை; நான் புலம்பப்போகும் குறைகள் இந்த வகை ஆப்களுக்குப் பொதுவானவை. படத்துக்கு 5, அதன் மேல் போட்டிருக்கும் எல்லைக்கோட்டுக்கு 1, சராசரி 3.

முதலில் போனது அமெரிக்கா-கனடா எல்லைக்கு. 49ஆவது அட்சரேகை. ராக்கி மலைத்தொடர் வரைக்கும் 1818இலும், அங்கிருந்து மேற்குக் கடல் வரைக்கும் 1846இலும் ஒப்பந்தம் போட்டு எழுதிவிட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஆப்பும் பிசிறில்லாத ஒரு கோட்டைத்தான் காட்டுகிறது. ஜூம் செய்து மேற்கே மலைக்காட்டுக்குள் இறங்கினால்தான் விஷயமே ஆரம்பிக்கிறது. மரங்களுக்கு நடுவே 6 மீட்டர் அகலத்துக்கு, காட்டுக்கு வகிடு எடுத்தது போல ஒரு வெட்டு. இரண்டு நாடுகளும் சேர்ந்து நடத்தும் எல்லை ஆணையம் மரம் வளர்ந்து மூடிவிடாமல் அதை வெட்டி வெட்டிப் பராமரிக்கிறது. அந்த வெட்டு ஒரு மலையில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, ஆற்றங்கரையில் நின்று, எதிர்க்கரையில் மறுபடி எழுந்து போகிறது. ஒரு இடத்தில் ஒற்றை மரத்தின் நிழல் வெட்டுக்குக் குறுக்கே விழுந்திருப்பதுகூடத் தெரிந்தது. இதற்காகவே அந்த 5.

சரி, கோடு எங்கே? வெட்டில் இல்லை. பக்கத்துக் காட்டுக்குள் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, நடுவில் ஒரு இடத்தில் வெட்டைக் கடந்து மறுபக்கம் போய்விடுகிறது. மேடு பள்ளமான இடங்களில் படம் கொஞ்சம் நகர்ந்து ஒட்டப்பட்டிருக்கும், கோட்டின் தரவும் தோராயமானது, ஆக இது ஆப்பின் சோம்பல் என்று நினைத்து அன்றைக்கு மூடிவைத்தேன். அடுத்த நாள் மேற்குக் கரையில் எல்லை மேலேயே கட்டியிருக்கும் அமைதி வளைவு (Peace Arch) என்ற நினைவுச் சின்னத்தில் கர்சரை வைத்தேன். அட்சரேகை 49.002 என்று காட்டியது. 0.002 பாகை என்றால் 200 மீட்டருக்கு மேல். அதாவது எல்லையே 49இல் இல்லை!

காரணத்தைத் தேடிப் படித்தபோது ஆப்பின் மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. அந்தக் கால சர்வேயர்கள் நட்சத்திரத்தைத் தொலைநோக்கியில் பார்த்துத்தான் அட்சரேகையைக் கணக்கிட்டார்கள். அதற்கு ‘நேர் மேலே’ என்பது எந்தத் திசை என்று தெரிய வேண்டும், அதைச் சொல்வது ஈர்ப்பு விசை. கொத்தனார் சுவருக்குப் பிடிக்கும் தூக்குக்குண்டை இழுக்கும் அதே விசை. பக்கத்தில் பெரிய மலை இருந்தால் குண்டைத் தன் பக்கம் மயிரிழை இழுத்துவிடும். ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் ஒரு பங்குக்குத் தரையில் சுமார் 31 மீட்டர், ஆகவே மயிரிழை பிசகினால் எல்லைக்கு நடும் கல் எங்கேயோ போய் நிற்கும். அப்படி வடக்கேயும் தெற்கேயுமாக நட்ட கற்கள் இந்த 49இல் மட்டும் 900க்கு மேல். 1925 ஒப்பந்தத்தில் ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே போகும் நேர்கோடுதான் எல்லை என்று முடித்துவிட்டார்கள். கல் தப்பான இடத்தில் நின்றாலும் எல்லை கல்தான். காகிதத்தில் இருக்கும் 49 வெறும் நினைவு.

கிழக்கே 45ஆவது அட்சரேகையில் இந்தக் கூத்து இன்னும் பெரிது. 1770களில் அளந்த கோடு அது. அதை நம்பி ஷாம்ப்ளைன் ஏரிக்கரையில் அமெரிக்கர்கள் 1816இல் கோட்டை கட்ட ஆரம்பித்தார்கள், கனடாவில் இருந்த பிரிட்டிஷாரிடமிருந்து தப்பிக்க. பிறகு ஒழுங்காக அளந்து பார்த்தால் நிஜமான 45 ஒரு கிலோமீட்டர் சொச்சம் தெற்கே இருந்தது, கோட்டை கனடா மண்ணில்! பாதியில் போட்டுவிட்டுப் போனார்கள், மடத்தனக் கோட்டை என்று பெயரும் கிடைத்தது. கோணலாக அளந்த அந்தப் பழைய கோடே எல்லை என்று 1842 ஒப்பந்தம் ஏற்றுக்கொண்டதால் இடம் அமெரிக்காவுக்குத் திரும்பியது. அதே கோட்டின் மேல் ஹாஸ்கெல் நூலகம் இருக்கிறது, 1904இல் திறந்தது. வாசிப்பறைத் தரையில் எல்லை கறுப்புப் பட்டையாக ஓடும். அது 45க்கு அரை கிலோமீட்டருக்கு மேல் வடக்கே. ஆப்பில் கூரைதான் தெரிகிறது, அதற்குக் குறை சொல்ல முடியாது.

தூரம் அளக்கும் கருவி நன்றாக வேலை செய்கிறது. 49ஆவது அட்சரேகை எல்லை கிழக்கே தொடங்கும் வுட்ஸ் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, மேற்குக் கடற்கரையில் 49இல் இன்னொரு புள்ளி வைத்தேன். அது இழுத்த கோடு எல்லையோடு ஒட்டாமல் வடக்கே வில்லாக வளைந்து, நடுவில் 90 கிலோமீட்டருக்கு மேல் கனடாவுக்குள் போய்விட்டது. கருவி பழுது என்று விமர்சனத்தில் எழுதியிருக்கிறார்கள் சிலர். பழுதில்லை, உருண்டையான பூமியில் அதுதான் நேர்வழி. அட்சரேகைதான் வளைவு. தட்டையான படம்தான் இதை மாற்றிக் காட்டுகிறது, உருண்டைக் காட்சிக்கு மாறிப் பார்த்தால் புரியும். இதை ஆப் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

அப்புறம் எகிப்து-சூடான். 1899இல் 22ஆவது அட்சரேகை, 1902இல் நிர்வாக வசதிக்கு வேறொரு வளைந்த கோடு. எகிப்து முதலாவதைப் பிடித்துக்கொள்கிறது, சூடான் இரண்டாவதை. அவரவர் பிடித்த கோட்டின்படி செங்கடல் ஓரத்து ஹலாயிப் பகுதி அவரவருக்குக் கிடைக்கும், அதனால் இரண்டு பேரும் சண்டை. பீர் தவீல் என்ற 2,000 சதுர கிலோமீட்டர் சொச்சத்தை இரண்டு நாடுகளும் கேட்பதில்லை; கேட்க வேண்டுமென்றால் மற்ற கோட்டுக்கு மாற வேண்டும், மாறினால் ஹலாயிப் போய்விடும். ஆப் இங்கே எல்லாவற்றுக்கும் ஒரே புள்ளிக்கோடு போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. யார் எதைக் கேட்கிறார்கள் என்று தட்டிப் பார்த்தால் ஒன்றும் வராது. பாப்புவா நியூ கினியில் 141ஆவது தீர்க்கரேகையில் வரும் எல்லை ஃபிளை ஆற்றோடு கொஞ்ச தூரம் நெளிந்துவிட்டு, தெற்கே மறுபடி நேராகும்போது சுமார் 2 கிலோமீட்டர் கிழக்கே தள்ளித்தான் தொடங்குகிறது. அதை மட்டும் சரியாகக் காட்டியிருக்கிறார்கள்.

எல்லைக்கோட்டை அணைக்கும் பொத்தான் மெனுவுக்குள் மூன்றடுக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது. முதல் நாளே அணைத்திருக்க வேண்டும். அணைத்துவிட்டு வெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு கிழக்கே போனேன். மலை முடிந்து புல்வெளி வந்ததும் வெட்டும் போய்விட்டது, வெட்ட மரமே இல்லை. கொஞ்ச நேரம் தேடிய பிறகு இரண்டு வயல்களின் நிறம் மாறும் இடத்தில் மறுபடி கிடைத்தது.