மத்தியா, ஆளி விதையா, மாத்திரையா? கர்ப்பிணிக்கான ஒமேகா-3 அலசல்

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் இரும்புச்சத்து, கால்சியம் பற்றியெல்லாம் பேச்சு ஓடும். கொழுப்பைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். கருவின் மூளையும் விழித்திரையும் டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பைத் தாயிடமிருந்து மிகுதியாக எடுத்துக்கொள்வது கடைசி மூன்று மாதங்களில். தாயின் இரத்தத்தில் மற்ற கொழுப்புகள் ஏறிக்கொண்டே போக, டிஹெச்ஏவின் பங்கு மட்டும் பேறுகாலம் நெருங்க நெருங்க இறங்குகிறது. பிரசவம் முடிந்ததும் அது சட்டென்று மீள்வதில்லை. 1990-களில் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் நடந்த ஆய்வுகளில், தலைப்பிள்ளை பெற்றவர்களைவிட அடுத்தடுத்துப் பெற்றவர்களிடம் இந்த அளவு குறைந்திருந்தது. இரண்டாவது குழந்தைக்குக் காத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

நாளொன்றுக்குக் குறைந்தது 200 மில்லிகிராம் டிஹெச்ஏ என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. மீன் சாப்பிடும் வீடென்றால் என் ஓட்டு மத்திக்குத்தான். கொழுப்பு ஏறிய பருவத்தில் வாரம் இரண்டு வேளை மத்திக் குழம்பு வைத்தாலே அந்தக் கணக்கு ஏறக்குறைய நேராகிவிடும். சென்னையில் காசிமேடு, சிந்தாதிரிப்பேட்டை மீன் சந்தைகளுக்குக் காலையிலேயே போய், செவுளைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே நல்ல சிவப்பு இருக்க வேண்டும், வயிறு உடையாமல் விறைப்பாக இருக்க வேண்டும். மத்தி சீக்கிரம் கெட்டுவிடும் மீன். வாங்கிய அன்றே சமைத்துவிடுவது நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை என்றாலும், சிறு படகுகள் கொண்டுவரும் நெத்திலியும் மத்தியும் கிடைக்கும்.

கௌரவம் கருதி வஞ்சிரத்தைத் தேடுபவர்கள் உண்டு. அது விலையும் அதிகம், பிற மீன்களைத் தின்று வளர்வதால் பாதரசம் சேரும் வாய்ப்பும் அதிகம். எப்போதாவது ஒரு துண்டு போதும். பால் சுரக்கட்டும் என்று அன்போடு செய்துதரும் சுறாப்புட்டு விஷயத்தில் மட்டும் நான் மறுப்பேன். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தவிர்க்க வேண்டிய மீன்களின் பட்டியலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சுறாவைச் சேர்த்திருக்கிறது.

சைவர்களுக்கு எல்லோரும் சொல்வது ஆளி விதை. நல்ல உணவுதான். ஆனால் அதில் இருப்பது டிஹெச்ஏ அல்ல, ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்ற வேறொரு ஒமேகா-3. உடல் அதை டிஹெச்ஏவாக மாற்றுவது மிகச் சொற்பம். ஈஸ்ட்ரோஜன் துணையால் பெண்களிடம் சற்றுக் கூடுதல், அவ்வளவே. போதாததற்கு, தினமும் சூரியகாந்தி எண்ணெயில் தாளித்தால் அதிலுள்ள லினோலெயிக் அமிலம் என்ற ஒமேகா-6 கொழுப்பு, இந்த மாற்றத்தைச் செய்யும் அதே நொதிக்குப் போட்டியிடுகிறது. ஆகவே ஆளி விதைப் பொடியை இட்லிக்குத் தொட்டுக்கொள்ளலாம், அதையே முழுத் தீர்வாக நம்பக் கூடாது. சைவ வீட்டுக்கு உண்மையான மாற்று, நுண்பாசியிலிருந்து எடுத்த டிஹெச்ஏ மாத்திரை. மீனுக்கே டிஹெச்ஏ கிடைப்பது கடைசியில் நுண்பாசிகளிலிருந்துதானே! விலை கூடுதல் என்பது மட்டும்தான் குறை.

மீன் பிடிக்கும், ஆனால் மசக்கையில் வாடையே ஆகவில்லை என்பவர்களுக்கும் மாத்திரைதான் வழி. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 70 பரிசோதனைகளை அலசியது. ஒமேகா-3 எடுத்தவர்களிடம் 37 வாரத்துக்கு முந்தைய பிரசவம் 13.4 சதவீதத்திலிருந்து 11.9 ஆகக் குறைந்திருந்தது. வாங்கும்போது அட்டையில் 'மீன் எண்ணெய் 1000' என்று பெரிதாக இருப்பதை விட்டுவிட்டு, டிஹெச்ஏ எத்தனை மில்லிகிராம் என்ற வரியைப் படியுங்கள். மீன் ஈரல் எண்ணெயை மட்டும் வாங்காதீர்கள். அதிலுள்ள வைட்டமின் ஏ அளவு மீறினால் கருவுக்கு ஆபத்து. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் எந்த மாத்திரையையும் மகப்பேறு மருத்துவரிடம் கேட்டே தொடங்க வேண்டும்.