வண்டிக்காக வழக்கை ஒத்துக்கொள்வதா, வண்டியைத் தனியாகக் கேட்பதா?

ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி லோடு அடிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பழைய வரப்புத் தகராறு வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, ஜெயிலுக்கு அனுப்பாமல், 1958 நன்னடத்தைச் சட்டம் 4-ஆம் பிரிவில், குறிப்பிட்ட காலம் ஒழுங்காக நடப்பேன் என்று பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டிருக்கிறார்கள். அந்தக் காலம் முடிய இன்னும் சில வாரம்தான். இந்த நேரம் பார்த்து மண்டியில் கைகலப்பு, புது எஃப்.ஐ.ஆர்., டாடா ஏஸும் செல்போனும் ஸ்டேஷனில். சுற்றி இருப்பவர்கள் சொல்வது ஒன்றுதான்: "ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டுப்பா, வண்டி வந்துடும்."

வண்டி வரும், உண்மைதான். ஆனால் நன்னடத்தைக் காலத்தில் இருப்பவருக்கு இதைவிட மோசமான வழி இல்லை. ஃபைன் கட்டினாலும் அது தண்டனைத் தீர்ப்புதான், அதை வைத்தே அதே சட்டத்தின் 9-ஆம் பிரிவில் பழைய வழக்குக்கான தண்டனையைக் கோர்ட் இப்போது கொடுக்கலாம். முதல் மீறல் என்றால் 50 ரூபாய்க்கு மேற்படாத அபராதத்தோடு விடவும் இடம் உண்டு, ஆனால் அது நீதிபதியின் முடிவு. பழைய வழக்கில் தண்டனை வந்துவிட்டால், தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது என்று 12-ஆம் பிரிவு தந்த பாதுகாப்பும் போய்விடும். வேலை, லைசென்ஸ் என்று பின்னால் அடி விழுவது அங்கேதான்.

வழக்கை நடத்துவது இழுக்கும், வாய்தாவுக்கு அலைய வேண்டும், அன்றைய லோடு போகும். ஆனாலும் வெறும் எஃப்.ஐ.ஆரால் பத்திரம் தானாக முறிவதில்லை, நிபந்தனையை மீறினாரா என்று கேட்டறிந்துதான் கோர்ட் முடிவெடுக்க வேண்டும். என் ஓட்டு வழக்கை நடத்துவதற்குத்தான். இரண்டுக்கும் நடுவே சமரசம் இருக்கிறது: சாதாரண காயம் போன்ற பிரிவுகளில் அடிபட்டவர் சம்மதித்தால், அது விடுதலைக்குச் சமம். சிக்கல் என்னவென்றால் நம் பக்கம் இத்தகைய எஃப்.ஐ.ஆரில் ஆபாச வார்த்தைக்கான பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 296(b) பிரிவையும் சேர்த்துவிடுவார்கள், சமரசம் செய்துகொள்ளலாம் என்று சட்டம் சொல்லும் பிரிவுகளின் பட்டியலில் அது இல்லை, அதனால் சமரச மனுவோடு சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கேட்க வேண்டிவரும். செலவு கூடும், ஆனால் தண்டனை விழாது.

சரி, அதுவரை வண்டி? அதற்கு வழக்கு முடியக் காத்திருக்கவே வேண்டாம். ஸ்டேஷனில் கெஞ்சிக்கொண்டு நிற்பதைவிட ஜே.எம். (மாஜிஸ்திரேட்) கோர்ட்டில் பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 497, 503 பிரிவுகளில் (பழைய சட்டத்தில் 451, 457) இடைக்கால ஒப்படைப்பு மனு போடுவது பல மடங்கு மேல். பிடித்த வண்டியை ஸ்டேஷனில் நீண்ட நாள் போட்டு வைக்கக் கூடாது, போட்டோ எடுத்து பத்திரம் வாங்கிக்கொண்டு கொடுங்கள் என்று 2002-லேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆர்.சி., இன்சூரன்ஸ், ஷூரிட்டி, கூடவே பொருள் ஃபார்ம் 95-இல் (பிடித்த பொருளைப் போலீஸ் கோர்ட்டுக்கு அனுப்பும் படிவம்) கோர்ட்டுக்குப் போய்விட்டதா என்ற விவரம், இவ்வளவும் கையில் இருக்கட்டும். ஆர்.சி. மச்சான் பேரில் இருந்தால் மனுவை மச்சானே போட வேண்டும், இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். விற்கக் கூடாது, கலர் மாற்றக் கூடாது, கேட்டால் கொண்டுவர வேண்டும் என்று நிபந்தனை போடுவார்கள். செல்போன் அவ்வளவு சுலபமில்லை, தடய அறிவியல் ஆய்வுக்குப் போனால் திரும்ப நாளாகும்.

ஓசூர் பக்கம் கர்நாடக மதுவோடு பிடிபட்ட வண்டி, கிருஷ்ணகிரியில் கல் ஏற்றிப் பிடிபட்ட லாரி இவையெல்லாம் வேறு கதை. மதுவிலக்கு, கனிமச் சட்டங்களின் பறிமுதல் நடைமுறை குறுக்கே வரும், அதைத் தெரிந்த வக்கீலைப் பாருங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது இலவச சட்ட உதவி எண் 15100-க்கு அடியுங்கள். அப்புறம், புது எஃப்.ஐ.ஆர். நகலோடு நன்னடத்தை அலுவலரை நீங்களே போய்ப் பார்ப்பதா, அவருக்குத் தெரியாமல் நாளை ஓட்டுவதா என்றால், வக்கீலைக் கேட்டுக்கொண்டு முதலாவதைச் செய்யுங்கள். 9-ஆம் பிரிவில் கோர்ட் பார்ப்பது பெரும்பாலும் அவர் எழுதும் அறிக்கையைத்தான், அதில் உங்கள் தரப்பும் இருக்கட்டும்.