ரெண்டு ஆம்ப் சேர்த்து வாசிச்சா லோ எண்ட் காணாம போகுதா? காது, பேட்டரி, ரெக்கார்டிங், சர்க்யூட் படம் – எது எதுக்கு உதவும்

ரெண்டு கிட்டார் ஆம்பை ஒண்ணா போட்டா சவுண்டு பெருசாகணும், ஆனா நெறைய பேருக்கு நடக்குறது நேர் எதிர். தனித்தனியா வாசிச்சா ரெண்டும் அருமையா இருக்கு, சேர்த்து ஆன் பண்ணா லோ எண்ட் (கனமான அடிச்சத்தம்) போய் தகர டப்பா மாதிரி ஒலிக்குது. உடனே ஸ்பீக்கர மாத்துறது, ஈக்யூ பெடல் வாங்குறதுன்னு காசை இறைக்கிறாங்க. தயவுசெஞ்சு அதுக்கு முன்னாடி போலாரிட்டிய பாருங்க.

ஒரு ஆம்ப்ல ஸ்பீக்கரோட கோன் (அசையுற காகிதக் கூம்பு) முன்னாடி தள்ளுற அதே நேரத்துல இன்னொண்ணுல பின்னாடி இழுத்தா அது போலாரிட்டி பிரச்சனை. எல்லா ஃப்ரீக்வென்சிக்கும் ஒரே மாதிரி தலைகீழ், ரெண்டு ஆம்புக்கும் சிக்னல பிரிச்சு அனுப்புற ஸ்ப்ளிட்டர்ல இருக்கிற போலாரிட்டி ஸ்விட்ச்ச தட்டினா சரியாயிடும். ஒரு ஆம்ப் சத்தம் லேட்டா வந்து சேர்ந்தா அது ஃபேஸ் பிரச்சனை, இங்க எது அடிபடும்ங்கிறது எவ்ளோ லேட்டுங்கிறத பொறுத்தது. ரெண்டும் ஒரே வால்யூம்ல இருந்து ஒண்ணு 2 மில்லிசெகண்ட் லேட்டா வந்தா 250 ஹெர்ட்ஸ்ல ஒரு பள்ளம், அப்புறம் 750, 1250ன்னு வரிசையா வரும், போலாரிட்டி ஸ்விட்ச்ச தட்டினா அந்தப் பள்ளமெல்லாம் இடம் மாறுமே தவிர போகாது.

சோதிக்கிறதுக்கு என் முதல் ஓட்டு காதுக்குத்தான். ரெண்டு கேபையும் (ஸ்பீக்கர் பெட்டியையும்) பக்கத்துல பக்கத்துல, முன் பக்கம் ஒரே கோட்டுல இருக்கிற மாதிரி வைங்க. ரிவர்ப், டிரைவ், பெடல் எல்லாம் ஆஃப், க்ளீன் டோன் மட்டும். முக்கியமா ரெண்டோட வால்யூமையும் காதுக்கு சமமா வைங்க, ஏன்னா ஒண்ணு ரொம்ப சத்தமா இருந்தா கேன்சல் ஆகுறதே தெரியாது, எல்லாம் நல்லாதான் இருக்குன்னு நினைச்சுட்டு மேடையேறிடுவோம். இப்ப ரெண்டுக்கும் நடுவுல சம தூரத்துல நின்னு தடிச்ச இ கம்பியை உள்ளங்கையால மியூட் பண்ணி அடிங்க, இன்னொருத்தர் போலாரிட்டி ஸ்விட்ச்ச மாத்தி மாத்தி தட்டட்டும். அந்தக் கம்பியோட ஸ்வரம் 82 ஹெர்ட்ஸ் பக்கம், அலைநீளம் 4 மீட்டருக்கு மேல, அதனால கேப் ஒரு சாண் முன்ன பின்ன இருந்தாலும் இந்த டெஸ்ட் ஏமாத்தாது. எந்தப் பொசிஷன்ல நெஞ்சுல வந்து முட்டுதோ அதுதான் சரி. வித்தியாசம் அவ்ளோ பெருசு, அனுபவமே இல்லாதவங்களுக்கும் கேக்கும்.

9 வோல்ட் பேட்டரி டெஸ்ட் எல்லாரும் சொல்றது, நல்லதுதான், ஆனா அது சொல்ற விஷயம் வேற. ஆம்பை ஆஃப் பண்ணி, ஸ்பீக்கர் கேபிள ஆம்ப்ல இருந்து கழட்டி, பிளக் நுனியில பேட்டரியோட பாசிட்டிவ், பிளக்கோட உலோகத் தண்டுல நெகட்டிவ், ஒரு கணம் தொட்டு எடுத்தா கோன் வெளிய வரணும். 2x12 கேப்ல (ரெண்டு 12 இன்ச் ஸ்பீக்கர் இருக்கிற பெட்டியில) யாரோ ஒரு ஸ்பீக்கர் வயரை மாத்தி சால்டர் பண்ணியிருந்தா இது உடனே காட்டிக் கொடுத்துடும், அந்த வேலைக்கு இதை விட்டா நல்ல வழி இல்ல. பழைய ஜேபிஎல் டி120எஃப் மாதிரி ஸ்பீக்கர்ல சிவப்பு டெர்மினல்ல பாசிட்டிவ் குடுத்தா கோன் உள்ள போகும், அந்தக் காலத்து ஜேபிஎல் வழக்கமே அப்படி, அதை மத்த ஸ்பீக்கரோட கலந்து போடுறவங்களுக்கு பேட்டரிதான் கதி. ஆனா ஆம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு பேட்டரி ஒரு வார்த்தை சொல்லாது. (கேபிள திரும்ப மாட்டாம ட்யூப் ஆம்பை ஆன் பண்ணிடாதீங்க, லோட் இல்லாம ஓடினா அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் காலி.)

ஆம்புக்குள்ள நடக்குறதுதான் பெரும்பாலும் காரணம். ட்யூப் ஆம்ப்ல ஒவ்வொரு காமன் கேத்தோட் ஸ்டேஜ் (சிக்னல பெருசாக்குற சாதாரண ட்யூப் கட்டம்) தாண்டும்போதும் சிக்னல் தலைகீழாகும். பிளாக்ஃபேஸ் ஃபெண்டர் ட்வின் ரிவர்ப்ல நார்மல் சேனல்ல ஃபேஸ் இன்வெர்ட்டருக்கு (பவர் ட்யூப்களுக்கு சிக்னல ரெண்டா பிரிச்சு குடுக்குற கட்டத்துக்கு) முன்னாடி அந்த மாதிரி ரெண்டு ஸ்டேஜ், வைப்ராட்டோ சேனல்ல ரிவர்ப்ப கலக்கி மேல தூக்குறதுக்கு மூணாவதா ஒண்ணு. அதனால ஒரே ஆம்போட ரெண்டு சேனலே ஒண்ணுக்கொண்ணு எதிர். மார்ஷல் 1959 சூப்பர் லீட்ல ரெண்டு சேனலும் ஒரே பக்கம், அதான் அதுல ரெண்டு சேனலையும் ஒரு சின்ன கேபிளால இணைச்சு (ஜம்பர்) போட்டா கனமா ஒலிக்குது, ட்வின்ல போட்டா மெலிஞ்சு போகுது. அந்த மார்ஷலோட ட்வினோட வைப்ராட்டோ சேனலை சேர்த்தா எதிரெதிராதான் நிக்கும், ரெண்டு கம்பெனியும் தப்பு பண்ணல, ஸ்டேஜ் எண்ணிக்கை வேற, அவ்ளோதான். இப்படி சர்க்யூட் படத்த பார்த்து எண்ணுறது வாங்குறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்க உதவும், ஆனா நடுவுல ஒரு ரேஞ்ச்மாஸ்டர் மாதிரி ஒத்த ட்ரான்சிஸ்டர் பூஸ்டர் ஒரு ஆம்ப் பக்கம் மட்டும் இருந்தா கணக்கு மறுபடி தலைகீழ், அதனால கடைசியில காதுக்கேதான் வரணும்.

ரெக்கார்டிங் வழி எங்க ஜெயிக்குதுன்னா லேட் இருக்கிற ரிக்ல. ஒரு பக்கம் ட்யூப் ஆம்ப், இன்னொரு பக்கம் டிஜிட்டல் மாடலர் (ஆம்ப் சத்தத்த கம்ப்யூட்டர் மாதிரி கணக்குப் போட்டு தர்ற கருவி)னா மாடலர் கொஞ்சம் மில்லிசெகண்ட் பின்னாடிதான் வரும், காது "என்னமோ சரியில்ல"ன்னு சொல்லும், எவ்ளோன்னு சொல்லாது. ஒரே மாடல் மைக் ரெண்டு, கோன்ல இருந்து ஒரே தூரம், ரெண்டு ட்ராக், கம்பியை மியூட் பண்ணி டக்குனு ஒரு அடி. ஜூம் பண்ணி முதல் அசைவு மேலயா கீழயான்னு பாருங்க, அது போலாரிட்டி. எவ்ளோ தள்ளி ஆரம்பிக்குதுன்னு பாருங்க, அது டைம். 48 கிலோஹெர்ட்ஸ்ல 48 சாம்பிள்னா 1 மில்லிசெகண்ட், காத்துல அது ஏறக்குறைய 34 செ.மீ. மைக் ரெண்டையும் இடம் மாத்தி ஒருதடவ திரும்ப எடுத்துக்கோங்க, மைக் கேபிள்லயே கோளாறு இருந்தா அப்பதான் பிடிபடும். போன் ஆப்ஸ நான் பெருசா நம்பல, சின்ன ரூம்ல எதிரொலி கலந்து குழப்பிடுது.

சரி பண்றதுல ஸ்பீக்கர் வயரை மாத்துறது செலவில்லாத வழி, ஆனா அதே கேபை நாளைக்கு வேற ஆம்ப்ல போடும்போது மறந்துடுவோம், அதனால எப்பவும் ஒரே ஜோடி ஆம்ப் வாசிக்கிறவங்க மட்டும் பண்ணலாம். மத்தவங்களுக்கு ரேடியல் ட்வின் சிட்டி இல்ல லேலே லிட்டில் டூயல் மாதிரி ஸ்ப்ளிட்டர்தான் சரி, போலாரிட்டி ஸ்விட்ச்சும் ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மரும் ஒண்ணாவே வருது, ரெண்டு ஆம்பை இணைக்கும்போது வர்ற ஹம் (உறுமல் சத்தம்) பிரச்சனையும் அதோட தீரும். ஹம் போறதுக்காக ஆம்ப் பிளக்ல எர்த் பின்னை உடைக்கிறத இன்னமும் பாக்குறேன், கிட்டார் கம்பியையும் மைக்கையும் ஒண்ணா தொட்டா உயிரே போகலாம், அதை மட்டும் யாரும் பண்ணாதீங்க. மாடலர் ரிக்குக்கு ஸ்விட்ச் போதாது, வேகமா வர்ற ட்யூப் ஆம்ப் பக்கம் டிரை சிக்னலே (தாமதமாகாத அசல் சத்தமே) வெளிய வராத ஒரு சின்ன டிஜிட்டல் டிலே போட்டு ரெக்கார்டிங்ல அளந்த அளவுக்கு தள்ளி வைங்க, அப்புறம் அதே இ கம்பி டெஸ்ட்ட திரும்ப ஒருதடவ வாசிச்சு பாருங்க.