ஹார்ட்ஹேட்டா, ஃபவுண்ட்ரியா: கருவிகளின் பூர்வீகம் சோதனையில் தெரியும்

எத்தீரியம் என்ற பிளாக்செயினில் ஸ்மார்ட் கான்ட்ராக்ட், அதாவது சங்கிலியில் இயங்கும் நிரல், எழுத வருபவருக்கு மொழியைப் பற்றிய குழப்பம் அதிகம் இருப்பதில்லை, பெரும்பாலும் சொலிடிட்டிதான். அந்த நிரலைத் தொகுக்கவும் சோதிக்கவும் ஹார்ட்ஹேட்டை எடுப்பதா, ஃபவுண்ட்ரியை எடுப்பதா என்பதில்தான் தயக்கம் தொடங்குகிறது. எது வேகமானது என்று பார்த்து முடிவெடுப்பவர்களே அதிகம். ஒரு கருவி யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துகொண்டால், அது நம்மை எவ்வகைச் சோதனைகளை எழுத வைக்கும், எவற்றை விட்டுவிட வைக்கும் என்பதும் சேர்ந்தே புரிந்துவிடும் என்பது என் எண்ணம்.

ஹார்ட்ஹேட்டுக்கு முன்பு களத்தில் இருந்தது 2015இல் தோன்றிய ட்ரஃபிள். இணையத்தள நிரலாளர்களின் பழக்கங்களை அது அப்படியே கொண்டுவந்தது. தரவுத்தள மாற்றங்களுக்கு உரிய ‘மைக்ரேஷன்’ என்ற சொல்லையே கான்ட்ராக்டை நிறுவும் வேலைக்கும் சூட்டியது. 2023 செப்டம்பரில் கன்சென்சிஸ் நிறுவனம் ட்ரஃபிளுக்கு முடிவு அறிவித்து, பயனர்களுக்கு ஹார்ட்ஹேட்டைக் கைகாட்டியது. பில்ட்லர் என்ற பெயரில் தொடங்கி 2020இல் பெயர் மாறிய ஹார்ட்ஹேட்டும் அதே ஜாவாஸ்கிரிப்ட் வம்சம்தான். நிரல் ஓடும்போது மதிப்புகளை அச்சிட்டுக் காட்டும் கன்சோல்.லாக் கட்டளையைச் சொலிடிட்டிக்குள்ளும் எழுதலாம் என்ற அதன் வசதி பலருக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. அந்த அழைப்பு போய்ச் சேரும் முகவரியின் ஹெக்ஸ் எண்களை எழுத்துகளாக மாற்றிப் படித்தால், முன்னால் வரும் பூஜ்யங்களுக்குப் பிறகு ‘கன்சோல்.லாக்’ என்ற ஆங்கில எழுத்துகளே வரும்.

இந்த வம்சத்துக்கு ஒரு விலையும் உண்டு. எத்தீரியத்தின் நாணயமான ஓர் ஈத்தர் என்பது 10^18 வெய் (அதன் மிகச் சிறிய அலகு); ஜாவாஸ்கிரிப்ட்டின் சாதாரண எண் வகையோ ஏறத்தாழ 9 × 10^15 வரைதான் முழு எண்களைப் பிசகாமல் தாங்கும். ஆகவே ஒரே ஓர் ஈத்தரைக் கூட்டிக் கழிக்கவும் நீண்ட காலம் தனி எண் நூலகங்கள் தேவைப்பட்டன. பணக் கணக்கைச் சோதிக்கும் இடத்தில் கணக்கு எழுதுவதே இடைஞ்சலாக இருந்தால், நிரலாளர் இரண்டு மூன்று உதாரணங்களோடு நிறுத்திக்கொள்வார்.

2021 இறுதியில் பாரடைம் நிறுவனம் வெளியிட்ட ஃபவுண்ட்ரி வேறு குடும்பம். ரஸ்டில் எழுதப்பட்டிருந்தாலும் அதன் மூதாதை டாப்டூல்ஸ் என்ற பழைய கருவித் தொகுப்பு. டாப்டூல்ஸின் உள்ளே கான்ட்ராக்டுகளை ஓட்டிப் பார்த்த எச்இவிஎம் ஹாஸ்கெல் மொழியில் எழுதப்பட்டது. இங்கே சோதனையும் சொலிடிட்டியிலேயே எழுதப்படுவதால் எண் வகைச் சிக்கல் எழுவதில்லை. சோதனைச் செயற்கூறுக்கு ஓர் உள்ளீட்டைச் சேர்த்துவிட்டால், கருவியே இயல்பாக 256 தற்செயல் மதிப்புகளைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கிறது. சோதனைக்காகச் சங்கிலியின் நிலையை மாற்றிக்கொள்ள உதவும் ஃபவுண்ட்ரியின் ‘சீட் கோட்’ கட்டளைகளுக்கான முகவரி இன்றும் ‘எச்இவிஎம் சீட் கோட்’ என்ற சொற்றொடரின் ஹாஷிலிருந்தே பெறப்படுகிறது.

ஃபவுண்ட்ரியிலும் பொறிகள் உண்டு. அடுத்த அழைப்பை வேறொருவர் பெயரில் அனுப்பும் ‘பிராங்க்’ என்ற சீட் கோட் ஒரே ஓர் அழைப்புக்குத்தான் செல்லும். அதை எழுதிவிட்டு, அடுத்த வரியில் டோக்கனை இன்னொருவருக்கு மாற்றும் அழைப்பின் உள்ளீடாக இருப்புத்தொகையைக் கேட்கும் இன்னோர் அழைப்பை வைத்தால், உள்ளே இருப்பதே முதலில் ஓடி பிராங்கை விழுங்கிவிடும். டோக்கன் மாற்றம் சோதனைக் கான்ட்ராக்டின் பெயரில் போகும். ஒரு மாலைப் பொழுதை இதில் தொலைத்த பிறகு, இருப்பைத் தனி வரியில் எடுத்து வைப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. சார்பு நூலகங்களை கிட் சப்மாட்யூலாக, அதாவது களஞ்சியத்துக்குள் இன்னொரு களஞ்சியமாக, சேர்க்கும் ஃபவுண்ட்ரியின் முறையும் ஜாவாஸ்கிரிப்ட் உலகின் தொகுப்பு மேலாளரான என்பிஎம் பழகியவர்களுக்கு உவப்பானதல்ல.

கடன், வட்டி, பங்கு விகிதம் போன்ற கணக்கு நிறைந்த கான்ட்ராக்டுக்கு ஃபவுண்ட்ரியையே சொல்வேன். பல படிகளில் நிறுவ வேண்டியிருந்தாலோ, பயனர் பார்க்கும் முன்பக்கம் டைப்ஸ்கிரிப்ட்டில் இருந்தாலோ ஹார்ட்ஹேட் வசதியானது. 2025இல் வந்த ஹார்ட்ஹேட் 3 சொலிடிட்டிச் சோதனைகளையும் ஏற்பதால் இடைவெளி குறைந்திருக்கிறது. எதிர்த்திசையிலும் கொடுக்கல் வாங்கல் உண்டு: சொந்தக் கணினியிலேயே சோதனைச் சங்கிலியை ஓட்டும் ஃபவுண்ட்ரியின் ஆன்வில் ஹார்ட்ஹேட்டின் 31337 என்ற சங்கிலி எண்ணையும், 11 முறை ‘டெஸ்ட்’, கடைசியில் ‘ஜங்க்’ என்று முடியும், சோதனைக் கணக்குகளை உருவாக்கும் சொற்றொடரையும் அப்படியே பயன்படுத்துகிறது. இரண்டையும் ஒரே களஞ்சியத்தில் வைத்திருக்கும் குழுக்கள் ஃபவுண்ட்ரியின் அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றி, அதன் ‘எஸ்ஆர்சி’ கோப்புறைக்குப் பதிலாக ‘கான்ட்ராக்ட்ஸ்’ என்று எழுதிக்கொள்கின்றன. அது ட்ரஃபிள் காலத்திலிருந்தே புழங்கிவரும் பெயர்.